தாய்மார் நடந்த தடம்

காலை மணி ஐந்தே முக்கால். கீழ்வானம் இன்னும் வெளுக்கவில்லை. ஈப்போவில் விளையாட்டரங்கின் எதிரே, மின்விளக்கு வெளிச்சத்தில் பெருங்கூட்டம் திரண்டு நிற்கிறது. மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்ற பேதமில்லை. எல்லார் நெஞ்சிலும் ஓர் எண். நான்கு ஊசிகளால் குத்திய எண் ஒன்று என் நெஞ்சிலும் இருக்கிறது. எனக்கு வயது நாற்பத்தாறு. தொழில், தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. ஈப்போ மாநகர் மன்றம் நடத்தும் அனைத்துலக ஓட்டத்தில் 21 கிலோமீட்டர் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

"இந்த வயதில் உங்களுக்கு ஏனம்மா இந்த வேலை?" என்று வாசக அன்பர்கள் கேட்பது என் காதில் விழாமலில்லை. உண்மையைச் சொன்னால், அந்த விடியற்காலையில் எனக்கும் அதே சந்தேகந்தான் இருந்தது.

ஒரு பாட்டி கேட்ட கேள்விதான் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

"நீங்க ஓடினீங்களா, டீச்சரம்மா?"

எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி. மெலிந்த உடல், நீண்ட கால்கள், அதிகம் பேசாத பிள்ளை. அவ்வாண்டு மாவட்டக் குறுக்கோட்டப் போட்டியில் மண்சாலையிலும் செம்பனை நிரைகளுக்கு நடுவிலும் ஓடி மூன்றாவதாக வந்தாள். அடுத்து மாநில அளவில் ஓட வேண்டும். பயிற்சிக்கு வரச் சொன்னேன். இரண்டு நாள் வந்தாள், மூன்றாம் நாள் வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். தாயார் தொழிற்சாலை வேலைக்காக வெளியூரில் இருக்கிறார். வளர்ப்பது பாட்டி. என்னை உட்காரவைத்து, தேத்தண்ணீர் கொடுத்து, பிறகுதான் பேசினார்.

"பிள்ளை வயசுக்கு வந்துட்டா, டீச்சரம்மா. இனிமே காலைக் காட்டிக்கிட்டு ஓடுறதெல்லாம் வேணாம். நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க."

உடற்பயிற்சியின் பயன், அரசு தரும் வாய்ப்புகள் என்று நானும் எனக்குத் தெரிந்த வரையில் எடுத்துச் சொன்னேன். பாட்டி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, கோபமில்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலில் ஒன்று கேட்டார்:

"நீங்க ஓடினீங்களா, டீச்சரம்மா?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. நான் ஓடியவள்தான். 1990-ஆம் ஆண்டு, பன்னிரண்டு வயதில், சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் வெறுங்காலோடு ஓடி எங்கள் பள்ளிக்கு ஒரு கேடயம் வாங்கித் தந்தேன். அடுத்த சில மாதங்களில் எனக்கும் சடங்கு சுற்றினார்கள். "போதும்மா, இனி ஓட்டமெல்லாம் வேணாம்" என்றார் அப்பா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் அழவில்லை. அதுதான் வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு முப்பத்து நான்கு ஆண்டுகளில், பேருந்தைப் பிடிப்பதற்காக ஓடியதைத் தவிர வேறு ஓட்டம் நான் ஓடவில்லை.

"இல்லை பாட்டி, நிறுத்திட்டேன்" என்றேன்.

"அப்புறம் என்ன? நல்லாத்தானே இருக்கீங்க" என்றார் அவர். அந்த நியாயத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

பனி தேசத்திலிருந்து ஒரு செய்தி

அதே வாரத்தில்தான் என் பழைய மாணவன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். தோட்டத்தில் பிறந்து, எங்கள் பள்ளியில் படித்து, இப்போது சுவீடன் நாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை. "டீச்சர், நான் தொண்ணூறு கிலோமீட்டர் பனியில போயிட்டு வந்தேன்! இன்னும் கால் வீக்கம் வத்தல!" என்று சிரித்தான்.

அவன் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்கிறேன். மார்ச் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, சுவீடனில் சேலன் என்ற ஊரின் அருகிலிருந்து மூரா என்ற சிற்றூர் வரை, 90 கிலோமீட்டர் தூரம் பனிச்சறுக்குப் போட்டி ஒன்று நடக்கிறது. அதன் பெயர் வாசலோப்பெட். மலையுச்சியிலிருந்து சர்ரென்று சறுக்கி இறங்குகிற விளையாட்டு அல்ல இது. நீண்டு மெலிந்த இரண்டு சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, இரு கைகளிலும் கோல் ஊன்றி, காட்டையும் மேட்டையும் சமவெளியையும் தன் பலத்தாலேயே கடக்க வேண்டும். விரைந்து செல்பவர்கள் நான்கு மணி நேரத்தில் முடித்துவிடுவார்களாம். சாதாரண மனிதர்களுக்கு ஒரு பகல் முழுவதும் ஆகும். வழியில் களைத்து வருகிறவர்களுக்குச் சுடச்சுடப் புளூபெரிப் பழக் கஞ்சி ஊற்றித் தருகிறார்கள்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1520-21 குளிர்காலத்தில், டென்மார்க் மன்னனின் ஆட்களுக்குத் தப்பி, குஸ்தாவ் வாசா என்ற இளைஞர் மூராவிலிருந்து நார்வே எல்லையை நோக்கிப் பனியில் போனார். முதலில் அவருக்குத் துணை நிற்கத் தயங்கிய ஊர்மக்கள் மனம் மாறி, அவரைத் திரும்ப அழைத்துவர இரண்டு பேரை அனுப்பினார்கள். அவர்கள் சேலன் அருகே அவரை எட்டிப் பிடித்தார்கள். திரும்பி வந்து போராடிய அவர் 1523-இல் அரசரானார். அந்தப் பயணத்தின் நினைவாகத்தான் 1922-ஆம் ஆண்டு இந்தப் போட்டியைத் தொடங்கினார்கள்.

இவ்வளவும் கேட்டபோது எனக்கு வியப்பு மட்டுமே இருந்தது. அடுத்து அவன் சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது. இரண்டாம் ஆண்டாகிய 1923-இல் மார்கிட் நோர்டின் என்ற பெண் இதில் கலந்துகொண்டு, பத்து மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் 90 கிலோமீட்டரையும் முடித்தாராம். அவர் தொழில் என்ன தெரியுமா? உடற்பயிற்சி ஆசிரியை! மறு ஆண்டு, 1924-இல், பெண்கள் இதில் கலந்துகொள்ளக் கூடாதென்று தடை விதித்தார்கள். அந்தத் தடை 1981-இல்தான் நீங்கியது. ஐம்பத்தேழு ஆண்டுகள்!

"மூராவில் முடிவுக்கோட்டுக்கு மேலே ஒரு வளைவு இருக்கு, டீச்சர். அதுல, வருங்கால வெற்றிக்காக நம்ம அப்பன்மார் போன தடத்துலன்னு பொருள்பட எழுதியிருக்கு" என்றான்.

அப்பன்மார் தடம்! அப்படியானால் அம்மாமார் தடம் எங்கே என்று கேட்கத் தோன்றியது.

நம் தோட்டத்துப் பாட்டி ஒருவர்தான் இப்படி நினைக்கிறார் என்று நான் எண்ணியிருந்தேன். படித்தவர்களும் பட்டம் பெற்றவர்களும் நிறைந்த நாடுகளிலும் இதே கதைதான். 1928 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். பெண்களின் உடல் அதைத் தாங்காது என்று சொல்லி நீக்கிவிட்டு, 1960-இல்தான் மீண்டும் சேர்த்தார்கள். நம் எம். ராஜாமணி 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சென்றபோது, பெண்களுக்கென்று இருந்த மிக நீண்ட ஓட்டமே அந்த 800 மீட்டர்தான். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்று நம் நாட்டின் பெயரை உயர்த்தியவர் அவர். பெண்களுக்கான மாரத்தான் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1984-இல்! நான் பிறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு!

அன்றிரவே பெயர் கொடுத்துவிட்டேன். பாட்டியின் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல முடியாது, காலால்தான் சொல்ல வேண்டும் என்று பட்டது.

பழைய தோட்டத்துப் பாதையில்

நான்கு மாதப் பயிற்சி. முதல் நாள் ஒரு கிலோமீட்டருக்குள் மூச்சு முட்டி, புதருக்கருகில் குனிந்து நின்றேன். ஓடிக் கொஞ்சம், நடந்து கொஞ்சம் என்று வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கூட்டினேன். பயிற்சிக்கு நான் தேர்ந்தெடுத்த இடம், நான் பிறந்து வளர்ந்த தோட்டம்.

தோட்டம் என்று சொல்கிறேனே தவிர, இன்று அங்கே ஒரு ரப்பர் மரம்கூட இல்லை. எல்லாம் செம்பனை. லயங்கள் இருந்த இடத்தில் சிமெந்துத் தரையின் துண்டுகள் புல்லுக்குள் கிடக்கின்றன. ஆயாக்கொட்டகை இருந்த மேட்டில் ஒரு மாமரம் மட்டும் நிற்கிறது. மாரியம்மன் கோவில் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை, பட்டணங்களுக்குக் குடிபோன பிள்ளைகள் காரில் வந்து திருவிழா நடத்திவிட்டுப் போகிறார்கள். மற்ற நாட்களில் விளக்கேற்ற ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து போவார். செம்மண் சாலை மட்டும் அப்படியே இருக்கிறது.

இங்கிருந்து சிறிது நேரம் காரில் சென்றால் கோலாகங்சார். நம் நாட்டுக்கு ரப்பர் வந்த தொடக்கக் காலத்தில், 1877-இல், அங்கே நட்ட ஒன்பது மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. வேலி போட்டு, பலகை வைத்து, காப்பாற்றி வருகிறார்கள். நல்ல காரியம். அந்த மரத்தின் வழிவந்த மரங்களை விடியுமுன் தொட்டெழுப்பிய கைகளுக்குப் பலகை எங்கும் இல்லை.

என் அம்மாவுக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. இருபத்தெட்டு ஆண்டுகள் பால் வெட்டியவர். ஒருநாள் பயிற்சி முடிந்து, வேர்வையோடு அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். "பசியாறினியா?" என்று கேட்டுவிட்டு, தோசை சுட்டுக்கொண்டே, "எத்தனை கல்லு ஓடின?" என்றார். பத்து கிலோமீட்டர் என்றேன். அவர் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை.

அப்போதுதான் நான் கணக்குப் போட உட்கார்ந்தேன். வாத்தியார் புத்தி போகுமா? அம்மாவின் நிரையில் ஏறக்குறைய ஐந்நூறு மரம். மரத்துக்கு மரம் பன்னிரண்டு அடி என்று வைத்தாலும், ஒரு முறை சுற்றி வர ஆறாயிரம் அடி. வெட்டுவதற்கு ஒரு சுற்று, மங்கில் வடிந்த பாலை எடுக்க மறு சுற்று. லயத்திலிருந்து காட்டுக்குப் போகவும், இரண்டு வாளிப் பாலைக் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வரவும் நடந்த தூரத்தைச் சேர்த்தால், நாளொன்றுக்கு ஏழு கிலோமீட்டருக்குக் குறையாது. ஆண்டுக்கு முந்நூறு நாள், இருபத்தெட்டு ஆண்டு. மொத்தம் 58,800 கிலோமீட்டர்!

பூமியின் சுற்றளவே 40,075 கிலோமீட்டர்தான். என் தாய் உலகத்தை ஒரு முறை சுற்றி முடித்து, அடுத்த சுற்றில் பாதியை நெருங்கியிருக்கிறார். அந்தப் பனி தேசத்துப் போட்டியை அறுநூற்றைம்பது முறைக்கு மேல் முடித்தது போலாகும். அதுவும் இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியிலும் அட்டைக்கடியிலும்.

கணக்கை வாசித்துக் காட்டினேன். அம்மா தோசையைத் திருப்பிப் போட்டார். "நடந்ததை மட்டும் போட்டிருக்கியே, ஓடினதைப் போடலியா?" என்றார்.

"ஓடினீங்களா? எப்போ?"

"மழை வந்தா ஓட மாட்டோமா? மங்குல தண்ணி விழுந்தா பால் கெட்டுப் போயிடும், அன்னிக்குக் கூலி போச்சு. மேகம் கறுத்தாப் போதும், வாளியத் தூக்கிக்கிட்டு மரத்துக்கு மரம் ஓடுவோம். பொம்பளைங்க எல்லாரும் ஓடுவோம். புள்ளத்தாச்சியும் ஓடியிருக்கா. பொம்பளை ஓடக்கூடாதுன்னு அப்ப ஒருத்தரும் சொல்லலியே."

நான் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். எந்தத் தோட்டத்தில் "இனி ஓட வேண்டாம்" என்று எனக்குச் சொன்னார்களோ, அதே தோட்டத்தில் மழை வந்த நாளெல்லாம் பெண்கள் ஓடியிருக்கிறார்கள். கூலிக்காக ஓடலாம், தனக்காக ஓடக்கூடாது. இதுதான் நாம் வைத்திருந்த சட்டம்.

"அன்னிக்கு அப்பா என்னை நிறுத்தினப்போ, நீங்க ஏம்மா ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டேன். முப்பத்து நான்கு ஆண்டுகளாகக் கேட்காத கேள்வி.

அம்மா அடுப்பைக் குறைத்தார். "சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

ஓட்ட நாள்

போட்டிக்கு முதல் நாள் எண் வாங்குவதற்காக ஈப்போ சென்றவள், மாலையில் நகரைச் சிறிது சுற்றிப் பார்த்தேன். 1917-இல் கட்டி முடித்த வெள்ளை வெளேரென்ற இரயில் நிலையம், 1909-இல் எழுந்த பர்ச் மணிக்கூண்டு, பழைய நகருக்கும் புதிய நகருக்கும் இடையே ஓடும் கிந்தா ஆறு. அங்கிருந்து கல்லுமலைக் கோவிலுக்குப் போய் முருகனைக் கும்பிட்டேன். சுண்ணாம்புக் குன்றின் அடியில் நிற்கும்போது ஓர் எண்ணம். தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து இந்தக் கல்லுமலை வரை எத்தனை பெண்கள் பால்குடம் ஏந்தி, வெறுங்காலோடு, வெயிலில் நடந்து வருகிறார்கள்! அவர்களைப் பார்த்து "பெண் உடம்பு தாங்காது" என்று யாராவது சொன்னதுண்டா? தாங்கும் என்பது நமக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாள் ஓட்டம் தொடங்கியது. முதல் ஐந்து கிலோமீட்டர் இருட்டிலேயே கழிந்தது. ஆயிரம் சப்பாத்துகள் தார்ச்சாலையில் விழும் ஓசை, பெருமழை தொலைவிலிருந்து வருவது போலிருந்தது. வானம் வெளுத்ததும் ஈப்போவைச் சூழ்ந்த குன்றுகள் மூடுபனியிலிருந்து ஒவ்வொன்றாகத் தலை காட்டின. பத்தாம் கிலோமீட்டர் வரை எனக்கு ஒரு குறையுமில்லை. என்னைவிட மூத்த சீனப் பெரியவர் ஒருவர் சீராக ஓடி என்னைத் தாண்டிப் போகும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பதினாறாம் கிலோமீட்டரில் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஏறிவிட்டது. முதலுதவி இளைஞர் ஒருவர் அருகில் வந்து, காலில் குளிர்ந்த மருந்தைப் பீய்ச்சி, "மக்சிக், வண்டியில ஏறிக்கிறீங்களா?" என்று மலாயில் பரிவோடு கேட்டார். ஏறிவிடலாம் என்றே தோன்றியது. ஏறினால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? பதினாறு கிலோமீட்டர் குறைவா?

அப்போது ஏனோ மழை ஞாபகம் வந்தது. மேகம் கறுத்துவிட்டது, இன்னும் நூறு மரம் பாக்கியிருக்கிறது, வாளி கனக்கிறது. அந்த இடத்தில் அம்மாவிடம் வண்டியில் ஏறிக்கொள்ளச் சொல்ல யாரும் வரவில்லை. "வேண்டாம் தம்பி, நடந்து பார்க்கிறேன்" என்று எழுந்தேன். ஒரு கிலோமீட்டர் நொண்டினேன். அடுத்ததில் நடந்தேன். அதற்கடுத்து, விளக்குக் கம்பத்தை மரமாக எண்ணிக்கொண்டு, ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம் வரை ஓடினேன். ஒரு நிரை முடிந்தது, இன்னொரு நிரை. இப்படித்தான் முடிவுக்கோடு வந்தது.

மூன்று மணி நான்கு நிமிடம். பாதிப் பேர் வீட்டுக்கே போய்விட்டார்கள். கோட்டுக்கு மேலே இருந்த வளைவில் பொன்மொழி ஏதுமில்லை. வளைவுக்கு அப்பால், குடையைப் பிடித்துக்கொண்டு என் அம்மா நின்றார். கையில் சுடுநீர்ப் புட்டி, அதில் மைலோ. பனி நாட்டில் பழக்கஞ்சி, நம் நாட்டில் மைலோ!

"கால் வலிக்குதா?"

"வலிக்குதும்மா."

"வலிக்கும். ராத்திரி வெந்நி ஊத்திக்க" என்றார், இருபத்தெட்டு ஆண்டு அனுபவத்தோடு.

ஒரு பதில்

மறுநாள் மாலை, நொண்டிக்கொண்டே அந்தப் பாட்டியின் வீட்டுக்குப் போனேன். இம்முறை அம்மாவையும் உடன் அழைத்துச் சென்றேன். பதக்கத்தை எடுத்துக் காட்டவில்லை. அது பைக்குள்ளேயே இருந்தது. "பாட்டி, நீங்க கேட்டீங்களே, ஓடினேனான்னு. நேத்து ஓடினேன்" என்றேன்.

பாட்டி என் காலைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். இரண்டு பேரும் வேறு வேறு தோட்டங்களில் பால் வெட்டியவர்கள். ஐந்து நிமிடத்தில் நிரைக் கணக்கும் கங்காணி பெயரும் மழைக்கால ஓட்டமும் பேச்சில் வந்துவிட்டன. நான் வாயே திறக்கவில்லை. "அந்த ஓட்டத்துக்கு இது எவ்வளவோ மேல்" என்று அம்மாதான் சொன்னார். "இதுல மழை வந்தாலும் கூலி போகாது."

பாட்டி சிரித்துவிட்டார். கதவோரம் நின்றிருந்த பேத்தியைத் திரும்பிப் பார்த்து, "முட்டிக்குக் கீழ வர்ற காற்சட்டை போட்டுக்கிட்டு ஓடலாமா, டீச்சரம்மா?" என்று கேட்டார்.

"தாராளமா ஓடலாம், பாட்டி."

"இந்த வருசம் மட்டும்" என்றார்.

அவ்வாண்டு மாநிலப் போட்டி முன்பே முடிந்துவிட்டது. அதனாலென்ன? இப்போது அந்தப் பிள்ளை வாரத்தில் மூன்று நாள் என்னோடு செம்மண் சாலையில் ஓடுகிறாள். முதல் வளைவிலேயே என்னை விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். மாமரத்தடியில் காத்திருந்து, "வாங்க டீச்சர்" என்கிறாள். அவள் காத்திருக்கும் இடம், ஒரு காலத்தில் ஆயாக்கொட்டகை இருந்த மேடு. அவள் ஓடிவரும் சாலை, எங்கள் அம்மாமார் வாளி சுமந்து வந்த சாலை.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே! உங்கள் வீட்டில் ஓட ஆசைப்படும் பெண் பிள்ளை இருந்தால், நிறுத்துவதற்கு முன் உங்கள் தாயிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், மழை வந்த நாளில் அவர் எவ்வளவு தூரம் ஓடினார் என்று.